சங்கக்கடை இடாப்பு

சீனி, மா, பருப்பு, மண்ணெண்ணெய் என்று
அச்சடித்த கட்டங்கள்.
தொண்ணூற்றொன்றில் அவற்றின் மேல் கோடிழுத்து
கத்தரி, வெண்டி, பயிற்றை, முளைக்கீரை
என்று எழுதியது நான்தான்.
உரும்பிராய்ச் சங்கக்கடையில் அப்போது மிச்சம்
தராசும் நானும்.
படிக்கற்களை எலி தின்னாது,
ஆகவே அவையும்.

கடைக்குப் பின்னால் நாலு பரப்புச் செம்மண்.
லொறி திருப்புவதற்கென்று விட்டிருந்த காணி.
'லொறி வராத ஊரில லொறி திருப்ப ஏன் இடம்?'
என்று கேட்டவள் பிலோமினா,
மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து
பள்ளிக்கூட வகுப்பறையில் இருந்தவள்.
மண்வெட்டி பிடித்தறியாதவள்.
கடலுக்குத் தடை. வலை சும்மா கிடந்தது.
பாகலுக்கு அதையே பந்தலாகக் கட்டினாள்.
முதல் காய் கண்ணியில் சிக்கிய மீனைப்போலத்
தொங்கியதைப் பார்த்து
ஒரு நாள் முழுக்கப் பேசாமலிருந்தாள்.

யூரியா வெடிக்குமாம், வராது.
பூவரசங்குழை தாட்டோம்.
பம்புக்கு எண்ணெயில்லை,
துலாவுக்கு ஆள் வேண்டும்.
கடிதம் குறைந்துபோன தபாற்காரர் சபாநடேசன்
காக்கிக் காற்சட்டையோடு ஏறி மிதித்தார்.
பங்கர் வெட்டிய மண்ணைக் கூரையில் குவித்து
அதிலே பூசணி போட்டோம்.
பனங்குற்றி இடுக்கால் வேர் இறங்கி
உள்ளே குந்தியிருந்தவர்களின் தலைமயிரைத் தொட்டது.
காய் கொழுக்கிற சத்தம் கேட்டதாகப்
பிற்காலத்தில் சிலர் கதை சொன்னார்கள்.
பொய்.
கேட்டது பொம்மர்.

பங்கு பிரிப்பில் சண்டை வராமலில்லை.
துலா மிதித்தவருக்கு எவ்வளவு,
பிள்ளைத்தாச்சிக்கு எவ்வளவு,
வேலைக்கு வராமல் வாளியோடு மட்டும் வருபவருக்கு
என்ன மரியாதை.
எல்லாம் இடாப்பில் உண்டு.
தொண்ணூற்றிரண்டு, மாசி, ஒரு வெள்ளி:
'இரவு. பிலோமினாவின் பாத்தி. மூன்று கத்தரிக்காய்.
எடுத்தவர்: தெரியாது.'
தெரியும்.
கணக்கெழுதுகிறவனுக்கும் வயிறு உண்டு,
அதற்குத்தான் கட்டம் இல்லை.

தொண்ணூற்றைந்து, ஒக்டோபர் முப்பது.
ஊர் முழுவதும் மழையில் தென்மராட்சிக்கு நடந்தது.
சபாநடேசன் மட்டும் திரும்பி ஓடிவந்து
பழுத்ததையெல்லாம் ஆய்ந்து
தராசுத் தட்டில் வைத்தார்.
பழக்கம், நான் நிறுத்தேன்:
இரண்டு கிலோ நானூறு.
பங்கு என்ற கட்டத்தை நிரப்பவில்லை.
கைதடியில் பாலத்து நெரிசலுக்குள்தான்
அதை யோசித்தேன்.

ஆறு மாதம் கழித்து வந்தபோது
பங்கர் காவலரணாகியிருந்தது.
அருகே ஒரு சிப்பாய்ப் பொடியன்
பால்மா டின்னில் துளையிட்டு
மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் தூவிக்கொண்டிருந்தான்.
ஒரே நேர்வரிசை. நல்ல காய்ப்பு.
அடையாள அட்டையைக் காட்டிவிட்டு வந்தேன்.
எந்தப் பெயருக்கு நேரே எழுதுவதென்று
இன்றுவரை விளங்கவில்லை.

பிறகு இரண்டாயிரத்து இருபத்திரண்டு.
மறுபடி வரிசை, மறுபடி மண்ணெண்ணெய்,
மறுபடி யூரியா இல்லை.
வெடிக்கும் என்று இந்தமுறை எவரும் சொல்லவில்லை.
விவசாயப் போதனாசிரியை நிதர்சனா
சுற்றுநிருபமும் படிவமுமாக வந்தாள்.
வீட்டுத்தோட்டம், புதுத் திட்டம்.
'முன் அனுபவம் உண்டோ?
புது ஆக்களுக்குத்தான் விதைப் பொதி.'
இல்லை என்று எழுதினேன்.
என் கையெழுத்துக்குப் பழக்கமான பொய்.

நேற்று வட்ஸ்அப்பில் பிலோமினா.
ரொறன்ரோவில் நகரசபைத் தோட்டத்தில்
அவளுக்கு ஒரு துண்டு நிலம்.
ஒரு பக்கம் எரித்திரியாக்காரி,
மறுபக்கம் போலந்துக் கிழவன்,
நடுவில் பாகல், நைலோன் வலையில்.
இலையில் வெண்பூச்சி. என்ன செய்யலாம்?
அடுப்புச் சாம்பல் தூவச் சொன்னேன்.
'இங்க அடுப்பில சாம்பல் ஏது?' என்று சிரித்தாள்.
அந்த வைத்தியம் அவள் எங்களுக்குத் தந்தது.
மறந்துவிட்டாள்.
நானும் ஞாபகப்படுத்தவில்லை,
கத்தரிக்காயைப் பற்றியும்தான்.

படம் மங்கியதும் இடாப்பை எடுத்தேன்.
'தெரியாது' என்பதை வெட்டி
என் பெயரை எழுதப் பார்த்தேன்.
தாள் பொரிந்துபோயிருந்தது,
பேனை முனை துளைத்துக்கொண்டு
அடுத்த பக்கத்து வெண்டியில் போய் நின்றது.